18 லிட்டர் என்று நான் நினைத்த பெட்டி

என் மேசைக்கு இரண்டு பக்கமும் நிற்கிற ஸ்பீக்கர்களில் இடது பக்கத்துப் பெட்டியைத் திருப்பினால் பின்பலகையில் பென்சிலால் ‘18 லி.’ என்று எழுதியிருக்கும். என் கையெழுத்துதான். உண்மையில் அந்தப் பெட்டிக்குள் 18 லிட்டர் கிடையாது. பதினொன்றுகூடத் தேறாது. இது எனக்குத் தெரிய வர நாலு மாதம் ஆனது.

நடந்தது இதுதான். வாங்கி வைத்திருந்த, தாழ்ந்த சத்தத்தைப் பாடுகிற ஆறரை அங்குல வூஃபருக்கு 18 லிட்டர் பெட்டி வேண்டும் என்று கணக்கு சொன்னது. 20, 36, 25 சென்டிமீட்டர், பெருக்கினால் கச்சிதமாக 18,000 கன சென்டிமீட்டர், அதாவது 18 லிட்டர். இவ்வளவு அழகாக முழு எண்ணில் வந்துவிட்டதே என்ற பூரிப்பில் அதைத் தாளில் எழுதிக்கொண்டு பலகை அறுக்கிறவரிடம் போனேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சார், இது வெளி அளவா, உள் அளவா?” கேள்வியின் கனம் உறைக்காமல், “மொத்த அளவுண்ணே” என்றேன். அவரும் தலையை ஆட்டிவிட்டு அறுத்துக் கொடுத்துவிட்டார். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை. இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று அகலம், உயரம், ஆழம் மூன்றிலும் 3.6 செ.மீ.யைப் பலகையே தின்றுவிட்டது. மிச்சம் 16.4, 32.4, 21.4. பெருக்கிப் பாருங்கள், 11.4 லிட்டர். வூஃபரின் காந்தம், உள்ளே குறுக்குச் சட்டம், காற்று வந்துபோகிற போர்ட் குழாய் எல்லாம் உட்கார்ந்த பிறகு 10.4. ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம்தானே குறைந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தோன்றும், கண் கன அளவில் ரொம்ப மோசமான சாட்சி.

கண்ணைவிட மோசமான சாட்சி காது. இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான். அதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை.

வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்கிறேன் என்று சொன்னால், காசு மிச்சம் பிடிக்கிறான் போல என்றோ, தச்சு வேலையில் ஆசை போல என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். காசு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர் பலகை குடைகிற ரவுட்டர், கிளாம்ப், மைக் வாங்கிய கணக்கை மறைக்கிறார். தச்சு வேலையோ எனக்குச் சுத்தமாக வராது. பாட்டுக் கேட்கும்போது இந்தச் சத்தம் எப்படி ஒரு பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கிற புத்தி சின்ன வயதிலிருந்து உண்டு. அது முற்றிப்போய் இங்கே கொண்டுவந்து விட்டது.

ஸ்பீக்கர் செய்கிறோம் என்றால் எல்லாவற்றையும் நாமே செய்வதில்லை. கோன், வாய்ஸ் காயில், காந்தம் சேர்ந்த டிரைவரை வாங்கிவிடுகிறோம். காந்தப்புலத்துக்குள் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய ஒரு கூம்பு, சுருளில் மின்சாரம் ஓடினால் கூம்பு முன்னும் பின்னும் ஆடும். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த ரைஸும் கெல்லாக்கும் 1925-இல் எழுதி வெளியிட்ட ஏற்பாடு, நூறு வருஷம் ஆகியும் அடிப்படையில் அதேதான். நாம் செய்வது பெட்டியும், தாழ்ந்த சத்தத்தை வூஃபருக்கும் உயர்ந்த சத்தத்தை ட்வீட்டர் என்கிற சின்ன டிரைவருக்கும் பிரித்துக் கொடுக்கிற கிராஸ்ஓவர் என்கிற மின்சுற்றும். பெட்டி கண்ணுக்குத் தெரிவதால் அதுதான் ஸ்பீக்கர் என்று நினைக்கிறோம், ஆனால் வேலையில் முக்கால்வாசி உள்ளே ஒரு உள்ளங்கை அகலப் பலகையில் திருகி வைத்த நாலைந்து காயில், கெபாசிட்டரில் இருக்கிறது.

பெட்டி எதற்கு என்று சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். வூஃபரை மட்டும் மேசையில் வைத்து, ஒயர் கொடுத்து, மெல்லிய சத்தத்தில் பாட்டுப் போடுங்கள். டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி இருக்கும், பேஸ் என்ற பேச்சே இருக்காது. இப்போது ஒரு பெரிய அட்டைப் பலகையில் கோன் அளவுக்கு வட்டமாக ஓட்டை வெட்டி அதை வூஃபரின் முகத்தில் அழுத்திப் பிடியுங்கள். சட்டென்று சத்தத்துக்கு வயிறு வந்துவிடும். கோன் முன்னால் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்னால் இழுக்கிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, அலைநீளம் பெரிதாக இருக்கும் தாழ்ந்த சத்தத்தில் அது முழுசாக நடக்கிறது. அட்டை அந்தப் பாதையை நீட்டுகிறது. பெட்டி அதை அடைத்தே விடுகிறது. நான் முதல்முறை இதைச் செய்து பார்த்தபோது அட்டையை எடுப்பதும் வைப்பதுமாக அரை மணி நேரம் விளையாடிக்கொண்டிருந்தேன்.

சரி, பெட்டி எவ்வளவு பெரிது? ரொம்ப காலம் அது போட்டுப் பார்த்து, வெட்டிப் பார்த்து, மறுபடி போட்டுப் பார்க்கிற சமாச்சாரமாக இருந்தது. நெவில் தீல் என்கிற ஆஸ்திரேலியப் பொறியாளர் 1961-இல் இதை மின்வடிகட்டிகளின் கணக்காக மாற்றிக் காட்டினார். அங்கத்தியப் பொறியாளர் சங்க இதழில் வந்த அந்தக் கட்டுரையை வெளியே பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. பத்து வருஷம் கழித்து, 1971-இல், அமெரிக்க ஆடியோ பொறியியல் சங்கத்தின் இதழ் அதை மறுபடி அச்சிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ரிச்சர்ட் ஸ்மால் அடுத்த இரண்டு வருஷங்களில் வரிசையாகக் கட்டுரைகள் எழுதி அதை முழுமையாக்கினார். இன்றைக்கு எந்த டிரைவரின் தகவல் தாளை எடுத்தாலும் இவர்கள் இருவர் பெயரில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் மூன்று எண் போதும், பெட்டி போட்டுவிடலாம். எஃப்.எஸ். என்பது கோன் தானாக ஆட விரும்புகிற அதிர்வெண். க்யூ.டி.எஸ். என்பது அந்த ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது, எண் சிறிதென்றால் காந்தத்தின் பிடி இறுக்கம் என்று அர்த்தம். வி.ஏ.எஸ். என்பதைத்தான் புரிந்துகொள்ள எனக்கு நாளானது: கோனைத் தாங்குகிற ரப்பர் விளிம்பும் உள்துணியும் எவ்வளவு விறைப்போ, அதே விறைப்பு எத்தனை லிட்டர் காற்றுக்கு இருக்கும் என்கிற எண். அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான், பெட்டி சிறுத்தால் ஸ்பிரிங் விறைக்கும். எட்கர் வில்ச்சர் 1954-இல் ஏ.ஆர்.-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தபோது செய்ததே இதுதான், கோனின் சொந்த ஸ்பிரிங்கைத் தளர்த்தி, காற்றையே ஸ்பிரிங்காக நம்பினார். அதுவரை அலமாரி அளவு பெட்டி கொடுத்த பேஸைச் சின்னப் பெட்டியிலிருந்து எடுத்தார்.

என் வூஃபருக்கு எஃப்.எஸ். 40 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.40, வி.ஏ.எஸ். 20 லிட்டர். நான் போட நினைத்தது போர்ட் வைத்த பெட்டி: 5 செ.மீ. விட்டம், 12 செ.மீ. நீளத்தில் ஒரு குழாய். வாய் குறுகிய புட்டியின் மேல் ஊதினால் வருகிற ‘ஊம்’ நினைவிருக்கிறதா, அதேதான். குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு எடை, பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங், இரண்டும் சேர்ந்து ஒரு அதிர்வெண்ணில் ஆடும், அங்கே கோனுக்குப் பதில் போர்ட் பாடும். 18 லிட்டரில் அது 45 ஹெர்ட்ஸை ஒட்டி வந்திருக்க வேண்டும். 10.4 லிட்டரில் அது 60-க்கு ஏறிவிட்டது. எனக்குத்தான் அது தெரியாதே.

மர வேலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எனக்குத் தகுதியும் இல்லை. எம்.டி.எஃப். தூளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ரவுட்டர் ஓட ஆரம்பித்ததும் அது மாவு மாதிரி காற்றில் நிற்கும், அதில் மரம் மட்டும் இல்லை, ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் இருக்கிறது. முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். ஒட்டும்போது பெட்டி கோணிக்கொண்டதா என்று பார்க்க மூலைமட்டத்தைவிட நல்ல வழி, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளப்பது. இரண்டும் சமம் என்றால் கோணல் இல்லை. அப்புறம் வூஃபர் ஓட்டையின் உள்விளிம்பைச் சரித்துச் சீவிவிட வேண்டும், 18 மி.மீ. பலகையில் நேராக வெட்டிய ஓட்டை வூஃபரின் முதுகுக்குச் சுரங்கம் மாதிரி, மூச்சு முட்டும்.

ஒரு விபத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ட்வீட்டரைப் பலகையில் உட்கார வைத்து கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தேன். திருப்புளி ஸ்க்ரூவின் தலையிலிருந்து வழுக்கியது. சாதாரணமாக வழுக்கினால் பலகையில் ஒரு கீறல் விழும், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் ஒரு பலமான காந்தம் இருக்கிறதே. திருப்புளியின் முனை என் கையின் பேச்சைக் கேட்காமல் தானாகத் திரும்பி ட்வீட்டரின் நடுவில் போய் ‘டப்’ என்று ஒட்டிக்கொண்டது. பட்டுத்துணி டோம், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, நடுவில் சரியாக ஒரு குழி. கையை எடுக்கவே பயம், இழுக்கும்போது கிழித்துவிட்டால்? மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சாய்த்து எடுத்தேன். துணி கிழியவில்லை. ஒட்டுநாடாவை விரலில் திருப்பிச் சுற்றி, லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்ததில் குழி மெல்ல மேலே வந்தது, சுருக்கம் ஒன்று இன்னும் இருக்கிறது, வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் தெரியும். அன்றிலிருந்து டிரைவர்களைப் பொருத்தும்போது முகத்தின் மேல் ஒரு அட்டையை வெட்டி மூடிவிட்டுத்தான் திருப்புளியைத் தொடுகிறேன். கடைசி இரண்டு சுற்று, கையால்.

பெட்டி முடிந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று கோட் பூசி, ஒயர் பற்றவைத்து, ராத்திரி பதினொன்றரைக்குப் பாட்டுப் போட்டேன். சத்தம் வந்தது! வந்ததே பெரிய விஷயம் என்கிற நிலைமையில் ஒருவன் எப்படி நியாயமாகக் கேட்பான். எனக்கு அது உலகத்திலேயே நல்ல ஸ்பீக்கராகக் கேட்டது. இதற்கு முன் கேட்காத விவரமெல்லாம் கேட்பதாக எழுதி வைத்தேன், அந்தக் குறிப்பேடு இன்னும் இருக்கிறது, படித்தால் கூச்சமாக இருக்கிறது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு.

நாலைந்து நாள் கழித்து அதில் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து நின்றாள். “ஏங்க, இவருக்கு ஜலதோஷமா?”

“யாருக்கு?”

“செய்தி வாசிக்கிறவருக்கு. மூக்கடைச்ச மாதிரி பேசுறாரே.”

எனக்குச் சுருக்கென்றது. அதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், புது ஸ்பீக்கர் கொஞ்ச நாள் ஓடணும் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு அதே செய்தியைப் பழைய ஸ்பீக்கரில் போட்டேன். வாசிப்பவருக்கு ஜலதோஷம் இல்லை. ஜலதோஷம் என் பெட்டிக்குத்தான். தெரிந்த மனிதக் குரலைப் போல ஸ்பீக்கரைக் காட்டிக்கொடுப்பது வேறெதுவும் இல்லை. வயலினில் ஒரு குறை இருந்தால் ‘இந்த வயலின் இப்படி’ என்று நினைத்துக்கொள்ளலாம், மூக்கால் பேசுகிறவனை அப்படி விட முடியாது.

கிராஸ்ஓவரை நான் எப்படிப் போட்டிருந்தேன் என்று சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். 2500 ஹெர்ட்ஸுக்குக் கீழே வூஃபர், மேலே ட்வீட்டர் என்று பிரிக்க வேண்டும். சூத்திரத்தில் 8 ஓம் போட்டால் ட்வீட்டருக்கு 8 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர், வூஃபருக்கு அரை மில்லிஹென்றி காயில் என்று வரும். வாங்கிப் போட்டேன். கணக்கில் தப்பே இல்லை. தப்பு அந்த 8 ஓமில் இருக்கிறது. டிரைவரின் முதுகில் 8 ஓம் என்று அச்சிட்டிருப்பது ஒரு பட்டப்பெயர் மாதிரி, எந்த அதிர்வெண்ணிலும் அது அப்படியே நிற்பதில்லை. மீட்டரை வைத்தால் என் வூஃபர் 6 ஓம்கூடக் காட்டாது, கோன் தானாக ஆட விரும்புகிற அந்த ஒத்ததிர்வில் மலை மாதிரி ஏறும், மேலே போகப் போக வாய்ஸ் காயிலே ஒரு இண்டக்டர் என்பதால் மறுபடி ஏறும். அப்படி ஏறுகிற வூஃபருக்கு முன்னால் அரை மில்லிஹென்றி காயில் போட்டால் அது எதையும் தடுப்பதில்லை. ட்வீட்டர் பக்கமும் அதே கதை, அதன் ஒத்ததிர்வில் மின்தடை ஏறுகிற இடத்தில் ஒற்றைக் கெபாசிட்டர் கைவிட்டுவிடுகிறது. ஆக இரண்டு டிரைவரும் ஆயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவே, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் அகலத்துக்கு, ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன.

இன்னொன்றை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. உயர்ந்த அதிர்வெண்ணில் ஸ்பீக்கரின் முகப்பலகை ஒரு சுவர், சத்தம் முழுக்க முன்னால் வருகிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் அலைநீளம் பெட்டியைவிடப் பெரிது, சத்தம் பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னாலும் போய்விடுகிறது, முன்னால் வருவது பாதி அழுத்தம்தான். திறந்தவெளியில் இந்த வித்தியாசம் 6 டெசிபல். அந்த மாற்றத்தின் நடுப்புள்ளி எங்கே என்று பார்க்க 115-ஐ முகப்பலகையின் மீட்டர் அகலத்தால் வகுத்தால் போதும், என் 20 செ.மீ. பலகைக்கு 575 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே குரலின் நடுப்பகுதி துருத்திக்கொண்டு நிற்கும், கீழே நெஞ்சுக் குரல் வற்றிப்போகும். மூக்கடைப்புக்கு இதைவிட என்ன வேண்டும்.

இதெல்லாம் நான் காதால் கண்டுபிடித்தேன் என்று நினைக்காதீர்கள். காதை நம்பி ஒரு மாதம் கெபாசிட்டரை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு முறையும் ‘ஆகா’ என்று சொல்லி, மறுநாள் காலை ‘ஐயோ’ என்று சொல்லிக் களைத்த பிறகுதான் அளக்கிற மைக் ஒன்றை வாங்கினேன். இதை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். ஸ்பீக்கர் செய்ய நினைக்கிறவர் டிரைவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் மைக் வாங்கட்டும் என்பது என் கட்சி. அளக்க ரூம் ஈக்யூ விஸார்ட், கிராஸ்ஓவர் வரைய விட்யூக்ஸ்கேட், இரண்டும் இலவச மென்பொருள்கள், ஒரு காலத்தில் ஆய்வுக்கூடங்களில் மட்டும் இருந்த வசதி.

வீட்டுக்குள் அளப்பதில் ஒரு தந்திரம் உண்டு. ட்வீட்டர் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம், மைக் எதிரே 1 மீட்டர் தூரம் என்று வையுங்கள். நேரே வருகிற சத்தம் 1 மீட்டர் பயணம் செய்கிறது, தரையில் பட்டு வருவது 2.24 மீட்டர். இரண்டுக்கும் 3.6 மில்லிசெகண்ட் இடைவெளி. மென்பொருளிடம் அந்த 3.6 மில்லிசெகண்டுக்குப் பிறகு வருவதைக் கத்தரித்துவிடு என்று சொன்னால் அறை மாயமாகிவிடும், ஸ்பீக்கர் மட்டும் மிஞ்சும். விலை என்னவென்றால் 280 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை இந்த அளவில் நம்ப முடியாது. அதற்கு மைக்கைக் கோனுக்கு ஒட்டினாற்போல வைத்துத் தனியாக அளந்து, இரண்டையும் தைத்துக்கொள்ள வேண்டும்.

அளந்தேன். திரையில் கோடு வந்தது. 700-லிருந்து 1200 வரை 5 டெசிபல் உயரத்தில் ஒரு திமில். என் மனைவி மூன்று நொடியில் கேட்டது, எனக்கு ஒரு மாதமாகக் கேட்காதது, அங்கே பச்சை நிறத்தில் நின்றுகொண்டிருந்தது.

அதே வாரத்தில்தான் பெட்டியின் குட்டும் உடைந்தது. மின்தடையை அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்தால் போர்ட் பெட்டியில் இரண்டு மலை, நடுவில் ஒரு பள்ளத்தாக்கு வரும், பள்ளத்தாக்கின் அடிதான் போர்ட் பாடும் இடம். 45-இல் இருக்க வேண்டியது 60-இல் இருந்தது. மைக்கைச் சந்தேகப்பட்டேன், ஒயரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் வூஃபரைக் கழற்றிவிட்டு டேப்பை உள்ளே விட்டேன். 16.4. பலகை அறுத்தவர் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

கிராஸ்ஓவரைப் புதிதாகப் போட இன்னும் இரண்டு மாதம் போனது, ஆனால் இந்த முறை குருட்டடி இல்லை. லிங்க்விட்ஸ், ரைலி என்று ஹியூலெட் பேக்கர்டில் இருந்த இரண்டு பொறியாளர்கள், அவர்களின் யோசனை 1976-இல் அச்சில் வந்தது. இரண்டு டிரைவரும் பிரிகிற புள்ளியில் இரண்டுமே 6 டெசிபல் இறங்கியிருந்து, ஒரே கட்டத்தில், அதாவது ஒன்று தள்ளும்போது மற்றதும் தள்ளுகிற மாதிரி சேர்ந்தால், கூட்டுத்தொகை சமதளமாக வரும். முக்கியமான விஷயம், இந்தச் சரிவு காற்றில் வரும் சத்தத்தில் இருக்க வேண்டும், மின்சுற்றில் மட்டும் இருந்தால் போதாது, டிரைவரின் சொந்தச் சரிவும் பெட்டியின் விளைவும் அதில் சேர்த்தி. அதனால்தான் புத்தகச் சூத்திரம் உதவவில்லை. வூஃபர் காயில் அரை மில்லிஹென்றியிலிருந்து ஒன்றரைக்கு ஏறியது, அதோடு ஒரு கெபாசிட்டர் குறுக்கே. ட்வீட்டருக்கு இரண்டு கெபாசிட்டரும் ஒரு காயிலும். முகப்பலகையால் வூஃபர் இழந்ததை ஈடுகட்ட வூஃபரை ஏற்ற முடியாது, மற்றதை இறக்கத்தான் முடியும், ஆக ட்வீட்டரை இரண்டு ரெசிஸ்டர் வைத்து 8 டெசிபல் அடக்க வேண்டியிருந்தது. காயில்களை ஒன்றுக்கொன்று தள்ளி, செங்குத்தாகத் திருப்பி வைத்தேன், பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் இன்னொன்றுக்குள் நுழைந்து தூரத்திலிருந்தே பேசிக்கொள்ளும்.

எல்லாம் சேர்ந்ததா என்று பார்க்க எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை ஒன்று. வேண்டுமென்றே ட்வீட்டரின் ஒயரைத் தலைகீழாக மாற்றிக் கொடுங்கள். இரண்டு டிரைவரும் உண்மையிலேயே ஒத்துப்போயிருந்தால் இப்போது பிரிகிற புள்ளியில் ஒன்றையொன்று சரியாக அழிக்க வேண்டும், கோட்டில் கிணறு மாதிரி ஒரு பள்ளம் விழ வேண்டும். பள்ளம் எவ்வளவு ஆழமோ, நேரான இணைப்பில் சேர்க்கை அவ்வளவு சுத்தம். 2400 ஹெர்ட்ஸில் அந்தக் கிணறு விழுந்த அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், முதல் ராத்திரி பாட்டுப் போட்டபோதுகூட வரவில்லை.

இந்த இடத்தில் கெபாசிட்டர் ஆசாமிகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒரே மதிப்புள்ள கெபாசிட்டரில் விலை கூடியதைப் போட்டால் குரல் பட்டாகிறது, திரை விலகுகிறது என்பார்கள். எலெக்ட்ரோலிட்டிக்கைவிட பிளாஸ்டிக் ஃபிலிம் வகை நல்லது, மதிப்பு துல்லியமாக இருக்கும், வருஷக்கணக்கில் உலர்ந்து மாறாது, அதுவரை சரி. அதற்கு மேலே போகிற பணத்துக்கு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் 8 மைக்ரோஃபேரடை 10 ஆக்கினால் கேட்கிறது, அறையின் மறுகோடியிலிருந்தே கேட்கிறது. மதிப்பைத் தப்பாகப் போட்டுவிட்டுப் பொன்முலாம் பூசிய கெபாசிட்டர் வாங்குவதை என்னவென்று சொல்ல. நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கோபம்.

இன்னொரு பாடமும் மனைவியிடமிருந்தே. பழைய கிராஸ்ஓவர், புதிய கிராஸ்ஓவர் இரண்டையும் ஒரு ஸ்விட்சில் மாற்றுகிற மாதிரி கட்டி, எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் அவளை மாற்றச் சொன்னேன். முதல் சுற்றில் நான் பழையதையே தேர்ந்தெடுத்தேன்! அவமானம். அப்புறம் பார்த்தால் பழையது சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, ட்வீட்டரையும் நடுப்பகுதியையும் அடக்காத சுற்று அல்லவா. சத்தம் கூடினால் காது அதை நல்லது என்கிறது, ஒரு டெசிபல் கூடினாலே போதும். இரண்டையும் அரை டெசிபலுக்குள் சமன்படுத்திவிட்டு மறுபடி கேட்டபோது பத்துக்கு ஒன்பது முறை புதியதைச் சொன்னேன். அந்தப் பத்தாவது முறையைப் பற்றி அவள் இன்னும் பேசுகிறாள்.

செய்தி வாசிப்பவரின் ஜலதோஷம் போய்விட்டது. பெட்டியின் பேஸ் மட்டும் பாக்கி. 60-இல் பாடும் போர்ட் பெட்டி எப்படி இருக்கும் என்றால், மிருதங்கத்தின் தொப்பியில் ஒரு அடி விழுந்தால் ‘கும்’ என்று நிற்க வேண்டியது ‘கும்ம்ம்’ என்று இழுக்கும், எந்தப் பாட்டிலும் அதே சுருதியில். அறையும் தன் பங்குக்கு உதவியது. 4 மீட்டர் நீள அறை 43 ஹெர்ட்ஸில் தானே ஒலிக்கும், அதன் இரட்டிப்பிலும் ஒலிக்கும், மூலைக்குப் பக்கத்தில் வைத்தால் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்கும். பெட்டிகளைச் சுவரிலிருந்து இழுத்ததில் பாதி குறைந்தது.

சரி, புதுப் பெட்டி செய்துதான் ஆக வேண்டும் என்று பலகைக்குச் சொல்லிவிட்டு, சும்மா ஒரு நாள் போர்ட்டை அடைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். கைக்கு அகப்பட்டது ஒரு ஜோடி சாம்பல் நிறக் காலுறை. உருட்டி, பக்கத்துக்கு ஒன்றாக நன்றாக இறுக்கிச் செருகினேன். மிருதங்கம் ‘கும்’ என்று நின்றது. நம்பாமல் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அடைத்த பெட்டிக்கு வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டி அளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதை க்யூ.டி.எஸ்.ஸால் பெருக்க வேண்டும். 20-ஐ 10.4-ஆல் வகுத்தால் 1.92. ஒன்று கூட்டி மூலம் எடுத்தால் 1.71. 0.40-ஆல் பெருக்கினால் 0.68, பெட்டிக்குள் போன பிறகு கோனின் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்கிற எண். பேஸ் சமமாக இறங்கிப் போக எல்லோரும் தேடுகிற எண் 0.707. அதற்கு 9.4 லிட்டர் வேண்டியிருந்திருக்கும். ஒரு லிட்டர் தள்ளி, என் தப்புக் கணக்கு அந்த வூஃபருக்கு நல்ல அடைத்த பெட்டியைச் செய்து வைத்திருக்கிறது. பேஸின் ஆழம் கொஞ்சம் குறைவுதான், 68 ஹெர்ட்ஸிலேயே இறங்க ஆரம்பிக்கிறது, ஆனால் மெதுவாக இறங்குகிறது, அறை மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

உள் அளவு 18 லிட்டர் வருகிற மாதிரி அறுத்த புதுப் பலகைகள் கதவுக்குப் பின்னால் சாய்ந்தபடி ஏழெட்டு மாதமாக நிற்கின்றன. இந்த முறை தாளிலேயே ‘உள் அளவு’ என்று எழுதி அடிக்கோடிட்டுக் கொடுத்தேன், அவர் படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஒட்ட மனசு வரவில்லை. போன வாரம் வீடு பெருக்கும்போது மனைவி ஒரு பெட்டியைத் திருப்பிவிட்டாள், ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த சாம்பல் காலுறை போர்ட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

“உள்ளயே இருக்கட்டும். துவைச்சாவது போட்டீங்களா?”